குளக்கரையும் மறுகாலும்

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள குளக்கரைகள் யாவும் சிறு மண் அணைகளே. கும்பப்பூவுக்கு ஜலம் அளிப்பதோடு, ஐப்பசி கார்த்திகை மழையில் பழையாற்றை நோக்கிப் பாயும் வெள்ளத்தைத் தடுத்து மெல்ல விடுவதும் அவற்றின் வேலையாகும். இதனை மறந்து, சற்று அதிகமாகத் தேக்கும் ஆசையால் மறுகாலில் மணல் மூட்டை அடுக்குவது பெருந்தவறு. கற்கட்டு அணையின்மேல் ஜலம் வழிந்தாலும் அது பெரும்பாலும் தாங்கும். மண் கரையோ புறச்சரிவு அரிக்கப்பட்டு விரைவில் உடையும். நண்டு வளையும் எலி வளையும் அற்பமென எண்ணப்படுகின்றன. அவற்றின் வழியே கசியும் ஜலமும் உள்ளிருந்தே கரையை அரித்துவிடும்.

2021 நவம்பர் வெள்ளத்தில் இம்மாவட்டத்துக் குளங்கள் சில உடைந்தன; நெல்வயல்கள் மூழ்கின. மேற்குளம் உடையின் அதன் வெள்ளம் கீழ்க்குளத்தையும் தாக்கும். ஆதலால் மறுகாலை அடைப்பது ஓர் ஊரின் காரியமன்று. தூர்வாரும்போது வண்டலை வயலுக்கும் களிப்பான மண்ணைக் கரைக்கும் இட்டு, திமிசுகொண்டு இறுக்குதல் நலம். மறுகால் ஓடை புரட்டாசியிலேயே துப்புரவாதல் வேண்டும்.