நூலாசிரியரைப் புரப்பவர் யார்?

உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடத் துணைநின்றவர் வள்ளல் சீதக்காதி. அவர் மறைந்தபின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் புலவரைப் புரந்தார். அக்காப்பியம் அச்சேறியதோ 1842ஆம் ஆண்டில். பதிப்பித்தவர் புலவர் நாயகம் எனப் போற்றப்பெறும் செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரோ, நூல் வெளிவருமுன்னரே கையொப்பமிட்ட அன்பர் பலரின் துணையை நாடினார். வள்ளல் ஒருவர் தாங்கிய சுமையை வாசகர் பலர் பகிர்ந்துகொள்ளத் தொடங்கிய காலம் அது.

நம் சமுதாயத்துச் செல்வர்கள் இன்றும் பள்ளிவாசல்களுக்கும் கல்விக்கூடங்களுக்கும் வாரி வழங்குகின்றனர். நூலாசிரியரைத் தனியே புரப்பவர் அரியர். ஆதலின் விலை கொடுத்து நூல் வாங்குபவரே இன்றைய புரவலர்.

கைப்பேசியில் பதிவு செய்தால் சில நாட்களில் நூல் இல்லம் வந்து சேர்கின்றது. புத்தகக் கடையே இல்லாத சிற்றூர் மாணாக்கர்க்கு இது பெரும்பேறு; இதனை நாம் குறைகூறவில்லை. நாம் ஐயுறுவது, இணைய அங்காடிகள் தரும் அளவு கடந்த தள்ளுபடியையே. 1994இல் தொடங்கப்பெற்ற அமேசானும் 2007இல் நம் நாட்டில் தோன்றிய ஃபிளிப்கார்ட்டும் முதலில் விற்றவை நூல்களே. இன்று அவை விற்காத பொருள் அரிது. நூலில் இழப்பதைப் பிறிதொன்றில் ஈட்ட அவற்றால் இயலும். நூலை மட்டுமே நம்பிய தெருமுனைக் கடைக்காரர் எதில் ஈட்டுவார்?

ஃபிரான்சு நாட்டினர் இதனை முன்பே உணர்ந்தனர். பதிப்பாளர் குறித்த விலையில் ஐந்து விழுக்காட்டுக்குமேல் குறைத்து விற்றலாகாது என 1981இலேயே சட்டம் செய்தனர். இணைய அங்காடிகள் அஞ்சற்செலவைத் தாமே ஏற்று அதனைக் கடந்தபோது, 2021இல் மற்றொரு சட்டம் இயற்றினர். அதன்படி 35 யூரோவுக்குக் குறைந்த நூல்களை இல்லத்துக்கு அனுப்பக் குறைந்தது 3 யூரோ பெறுதல் வேண்டும் என்பது 2023 அக்டோபர் முதல் நடைமுறையாயிற்று. நம் நாட்டில் அத்தகைய வரம்பு இல்லை.

இழப்பு கடைக்காரரோடு நிற்பதன்று. தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்து, 1988இல் நூலாயிற்று. ‘சாய்வு நாற்காலி’க்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது 1997இல். விருதுக்கு முன்னரே அவரைக் கண்டுகொண்டது ஒரு சமுதாயச் சிற்றிதழ் என்பதை எண்ணுக. இணைய அங்காடி முன்னரே மிகுதியாக விற்றதையே மீண்டும் நம்முன் நிறுத்தும். பெயரறியா ஆசிரியரின் நூலை எடுத்து, “இதைப் படித்துப் பாருங்கள், பாய்” என்று கையில் தருபவர் மண்ணடிக் கடைக்காரரே.

திருக்குர்ஆனுக்குக் கொடுக்கும் பொருளை விலை என்னாது ‘ஹதியா’ என்பது நம் மரபு. அச்சொல்லின் கண்ணியத்தில் சிறிதளவேனும் பிற நூல்களுக்கும் உரியதன்றோ? நூலாசிரியர் பெறுவது வழக்கமாக விலையில் பத்து விழுக்காடு. 200 ரூபாய் நூலுக்கு 20 ரூபாய். அந்நூலைப் பி.டி.எஃப். கோப்பாக்கி வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பும் நண்பர்கள் அதனை அறச்செயல் எனக் கருதுகின்றனர். அந்த 20 ரூபாயும் பறிபோவது அவர்தம் நினைவில் வருவதில்லை.

இணையத்தையும் சிறுகடையையும் எதிரெதிரே நிறுத்தவும் வேண்டியதில்லை. தமிழ்ப் பதிப்பகங்கள் பல தத்தம் இணையதளங்களிலேயே விற்கின்றன. கடைக்காரருக்கு ஒரு குறுஞ்செய்தி போதும். அவர் அனுப்பி வைப்பார். பதிவு நூல் அஞ்சல் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டபோது சிறு பதிப்பாளர் பெரிதும் இடர்ப்பட்டனர். 2025 மே மாதம் அறிமுகமான ‘ஞான் போஸ்ட்’ 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி என்னும் கட்டணத்தில் கல்வி, சமய, பண்பாட்டு நூல்களை ஏற்பதாக அறிவிக்கப்பெற்றது.

கல்லூரி நூலகங்களும் மிகுதியான கழிவு தருபவரையே தேடுகின்றன. நூல் வாங்கும் தொகையில் ஒரு பங்கினைச் சிறு பதிப்பகங்களுக்கும் ஊர்க்கடைகளுக்குமென ஒதுக்குதல் ஆட்சிக்குழுவினர்க்கு அரிதன்று. வாங்கத்தக்க இசுலாமியத் தமிழ் நூல்களின் பட்டியலைத் தமிழ்த்துறை ஆண்டுதோறும் தொகுத்தளிக்கலாம்.