கல்லில் இல்லாத வரி

எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் போன வாரம் பேச்சுப்போட்டி. ‘தமிழ் வளர்த்த ஜி.யு. போப்’ என்பது தலைப்பு. மேடையேறிய பிள்ளைகள் எந்த வழியில் கிளம்பினாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று தன் கல்லறையில் எழுதிவைக்கச் சொன்னாராம் போப். அந்த இடம் வந்ததும் குரல் தழுதழுக்க வேண்டும், வலது கை நெஞ்சுக்குப் போக வேண்டும். எல்லாம் வீட்டில் ஒத்திகை பார்த்தது. பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்டு வந்த பையன் கூடுதலாக ஒரு விம்மலும் சேர்த்தான். முதல் பரிசு அவனுக்கு.

நடுவராக இருந்த தமிழாசிரியரிடம், “அப்படி ஒரு வரி அந்தக் கல்லில் இல்லையே” என்றேன். “இருக்கட்டும் அண்ணாச்சி, கேக்குறதுக்கு நல்லாத்தானே இருக்கு? பிள்ளைக மனசுல நிக்கும்லா” என்றார்.

நிற்கும்தான். மனதில் நின்றால் போதுமென்றால் வரலாற்றுப் பாடத்தையே எடுத்துவிட்டு சினிமாப் பாட்டு சொல்லிக் கொடுத்துவிடலாமே.

அந்தக் கல் ஒன்றும் கடலுக்கடியில் மூழ்கிப் போய்விடவில்லை. ஆக்ஸ்போர்டில், செயிண்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் இன்றைக்கும் இருக்கிறது. போப்பின் பெயர், தென்னிந்தியாவில் இருந்தவர் என்ற குறிப்பு, பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், பேலியல் கல்லூரியில் குருவாக இருந்தவர், பிறந்த தேதி, இறந்த தேதி. அதன் கீழே, அவருடைய வாழ்நாள் உழைப்பைப் போற்றி, குடும்பத்தாரும் தென்னிந்தியாவில் உள்ள தமிழ் நண்பர்களும் சேர்ந்து இந்தக் கல்லை வைத்தார்கள் என்ற செய்தி. முடிந்தது. மாணவனும் இல்லை, உறக்கமும் இல்லை. கைபேசியில் தேடினால் ஒரு நிமிஷத்தில் படம் வந்துவிடும். தேடத்தான் ஆள் இல்லை.

உண்மையில் இருக்கிற வாசகம் எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். 1908இல் செத்துப்போன ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாருக்குத் தமிழர்கள் கடல் கடந்து கல் வைத்திருக்கிறார்கள், அது கல்லிலேயே வெட்டியிருக்கிறது. எந்தப் பிள்ளையும் இதைச் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்த பெரியவர்களுக்குத் தெரிந்தால்தானே?

கதையோ வருஷா வருஷம் சதைபோடுகிறது. சவப்பெட்டிக்குள் திருக்குறளும் திருவாசகமும் வைக்கச் சொன்னாராம். கல்லறைச் செலவில் ஒரு பங்கு தமிழர் காசாக இருக்க வேண்டும் என்று கேட்டாராம். இன்னும் கொஞ்ச நாளில் இறுதி ஊர்வலத்தில் நாதஸ்வரம் வாசித்தார்கள் என்று வரும், அதற்கும் ஒரு முதல் பரிசு காத்திருக்கிறது.

இத்தனைக்கும் அந்த மனிதர் நமக்கு அந்நியரில்லை. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் 1820இல் பிறந்தவர், 1839இல் சென்னைக்கு வந்தார். அடுத்த சில வருஷங்களில் சாயர்புரத்தில் இருந்தார். சாயர்புரம் தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸேறிப் போகிற ஊர். அவர் பெயரில் 1962இலிருந்து அங்கே ஒரு கல்லூரியே நடக்கிறது. அப்புறம் தஞ்சாவூர், ஊட்டி, பெங்களூர். பனங்காட்டு ஊர்ப் பையன்களுக்கு லத்தீனும் எபிரேயமும் கணக்கும் சொல்லிக்கொடுக்கக் கிளம்பிய ஆள் என்றால் எந்தப் பிள்ளைக்குக் கேட்கப் பிடிக்காது? கண்டிப்பென்றால் அப்படிக் கண்டிப்பு. அந்தக் கெடுபிடியால் அடுத்தடுத்து சிறு சிறு கலகங்கள் வெடித்துக் கடைசியில் அவரே விலக வேண்டி வந்தது என்று அவருடைய சகாவான கால்டுவெல்லே எழுதியிருக்கிறார். இதை ஆறாம் வகுப்பில் சொல்லிப்பாருங்கள், கடைசி பெஞ்சு நிமிர்ந்து உட்காரும். ஆனால் நமக்கு மெழுகுப் பொம்மைப் போப்தான் வேண்டும்.

அதற்காகத்தான் அவர் எதற்கு வந்தார் என்பதையும் மறைக்கிறோம். ‘தமிழின் இனிமையில் மயங்கிக் கடல் தாண்டி வந்தார்’ என்றாள் ஒரு சிறுமி. அவர் மதம் பரப்ப வந்தவர். வந்த இடத்தில் தமிழ் அவரைப் பிடித்துக்கொண்டது. மயிலாப்பூரில் கிறிஸ்தவப் போதனை வள்ளுவர் காதில் விழுந்திருக்கும் என்றுகூட நம்பினார், குறள் மொழிபெயர்ப்பின் முன்னுரையில் அச்சிலும் போட்டார். இதைச் சொன்னால் குழந்தைகள் கெட்டுப்போய்விடுவார்களாம். மாலை முழுக்க கைபேசியில் என்னென்னவோ பார்க்கிற குழந்தைகள்!

இன்னொரு வியாதி ‘முதன்முதலில்’. திருக்குறளை முதன்முதலில் ஆங்கிலத்தில் பெயர்த்தவர் போப் என்று பிள்ளைகள் அடித்துச் சொல்கிறார்கள். போப்பின் நூல் வந்தது 1886இல். அவருக்கு முன்பே குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் தந்த எல்லிஸ் இறந்தது 1819இல், போப் பிறப்பதற்கு முந்தின வருஷம். எல்லிஸின் மொழிபெயர்ப்பையும் வீரமாமுனிவரின் லத்தீனையும் தன் புத்தகத்திலேயே சேர்த்து அச்சிட்டவர் போப். முன்னோடிகளை அவர் மறைக்கவில்லை, மறைப்பது நாம்தான். யாரையும் முதல் ஆளாக்காமல் பாராட்டத் தெரியாதா நமக்கு? மெரினாவில் 1968இல் போப்புக்குச் சிலை வைத்தோம். பீடத்தில் இருக்கிற பெயரைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்ட நிற்கிறோமா? சுண்டல் வாங்கத்தான் நிற்கிறோம்.

போப் சாகும்வரை தமிழ் மாணவர் என்று பிள்ளைக்குச் சொல்லியே தீர வேண்டுமா, தாராளமாகச் சொல்லுங்கள். அதற்குக் கல்லறைக்குப் போக வேண்டியதில்லை. 1900இல் வந்த திருவாசக மொழிபெயர்ப்பின் முன்னுரையைத் திறந்தால் போதும். முதல் தமிழ்ப் பாடம் படித்தது 1837இல் என்று குறித்திருக்கிறார். முன்னுரையில் தேதி போட்டது தன் எண்பதாவது பிறந்தநாளில். நடுவில் 63 வருஷம். பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட்டோடு நடந்த பேச்சையும் எழுதியிருக்கிறார். இந்த வயதில் இதை முடிக்க முடியுமா என்று போப் தயங்க, பெரிய வேலை கையில் இருந்தால் ஆயுசு நீளும், முடிக்கிறவரை இருப்பீர்கள் என்று தெம்பு சொல்கிறார் ஜோவெட். தெம்பு சொன்னவர் 1893இலேயே போய்விட்டார், கிழவர் முடித்துவிட்டு இன்னும் எட்டு வருஷம் இருந்தார். ஜோவெட்டையும் அதே கல்லறைத் தோட்டத்தில்தான் புதைத்திருக்கிறார்கள். இதைவிடவா அந்தப் பொய் வரி உருக்கம்?

பாடநூல் எழுதுகிறவர்களுக்கும் போட்டி நடத்துகிறவர்களுக்கும் என் வேண்டுகோள் சிறியது. அந்தக் கல்லின் படத்தைப் பாடத்தில் அச்சிடுங்கள். அந்த முன்னுரையை யாராவது நல்ல தமிழில் ஆக்கி, படத்துக்குப் பக்கத்தில் சேருங்கள். சில பக்கம்தான் வரும். காப்புரிமைத் தொல்லையும் கிடையாது, எழுதியவர் இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.