நோட்டு நிரம்பினால் போதுமா?



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பிரிவில் வேலை. "சார், அடுத்த வாரம் ஆடிட். ஆறு மாத ரீடிங்கையும் நோட்டில் ஏற்றியாச்சு. ஒரு கட்டம்கூடக் காலி இல்லை" என்றான். "அன்றன்றைக்கு எழுதினதா, இந்த வாரம் உட்கார்ந்து எழுதினதா?" என்று கேட்டேன். சிரித்து மழுப்பினான்.

அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாத ஒன்றை இன்று சொல்கிறேன்.

கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் வேலை பார்த்த காலம். பிள்ளைகளின் எடை, உயரம் எழுதும் பதிவேடு என் பொறுப்பு. எடை மிஷின் பழுதாகிக் கிடந்தது. ஆய்வு வருகிறது என்றார்கள். போன வருட எடையோடு ஆளுக்கு இரண்டு கிலோ கூட்டி எழுதிவிட்டேன். வந்த அதிகாரி பக்கங்களைப் புரட்டி, "பதிவேடு நன்றாக இருக்கிறது" என்று கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து மருத்துவ முகாம். என் நோட்டில் இரண்டு கிலோ கூடியிருந்த ஒரு சிறுமி, டாக்டரின் தராசில் போன வருடத்தைவிட மூன்று கிலோ குறைந்திருந்தாள். காசநோய். சிகிச்சையில் தேறிவிட்டாள் என்பது கடவுள் கருணை. நான் ஒழுங்காக எடை பார்த்திருந்தால் இரண்டு மாதம் முன்பே தெரிந்திருக்கும். அதிகாரியும் "அந்த மிஷினைக் காட்டுங்கள்" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன். தணிக்கைக்கு வருபவர் நோட்டை மட்டும் பார்த்தால் அது தணிக்கை ஆகாது. எண் எங்கே பிறந்தது, யார் அளந்தார், அதைப் பார்த்து யார் என்ன முடிவு எடுத்தார் என்று கடைசிவரை பின்தொடர வேண்டும். ஐ.எஸ்.ஓ. 9001 தரநிலையின் 2015 பதிப்பும் இதைத்தான் கேட்கிறது. எதை அளப்பது, எப்படி அளப்பது, எப்போது அளப்பது, கிடைத்ததை எப்போது ஆராய்வது என்று தொழிற்சாலை தீர்மானிக்க வேண்டும். பதிவு வைத்தால் மட்டும் போதாது, ஆராயவும் வேண்டும்.

நம் ஊர் உதாரணமே சொல்கிறேன். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். நம் சொந்தக்காரர் பலர் கரும்பு போடுகிறவர்கள். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை, சர்க்கரைக் கட்டுமானம் 10.25 சதவீதம் இருந்தால் டன்னுக்கு 3,550 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு 0.1 சதவீதத்துக்கும் 34 ரூபாய் 60 காசு கூடும். கீழே போனால் அதே அளவு குறையும். 9.5 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் 3,290 ரூபாய் 50 காசு. ஏக்கருக்கு 40 டன் வெட்டும் விவசாயிக்கு அந்த 0.1 என்பது 1,384 ரூபாய். புள்ளிக்குப் பின்னால் வரும் ஒரு எண்தான். ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவு அது.

கட்டுமானம் என்பது மூட்டையான சர்க்கரையை அரைத்த கரும்பின் எடையால் வகுத்து வருவது. இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. எந்த ஆலையிலாவது எடைமேடை கரும்பைக் குறைத்துக் காட்டினால், வகுக்கும் எண் சிறியதாகி, கட்டுமானம் உயர்ந்தது போலத் தெரியும். அந்த ஒரு எண்ணை மட்டும் பார்க்கும் தணிக்கையாளர் "அருமை" என்று பாராட்டிவிட்டுப் போவார். 20 டன் லோடில் ஒரு சதவீதம் குறைந்தால் 200 கிலோ. குறைந்தபட்ச விலையிலேயே 658 ரூபாய் போச்சு.

நல்ல தணிக்கையாளர் என்ன செய்வார்? எடைமேடையில் அந்த வருட முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார். தெரிந்த எடையை ஏற்றிச் சோதிப்பார். கரும்பில் இருந்த சர்க்கரை எங்கெங்கே போனது என்று கணக்குக் கேட்பார். மூட்டையில் வந்தது, சக்கையில் போனது, கழிவு மண்ணில் போனது, மொலாசஸில் போனது எல்லாம் கூட்டினால் உள்ளே வந்ததற்குச் சரியாக வர வேண்டும். வராத மிச்சம் திடீரென்று ஏறினால், ஏதோ ஓர் அளவு பொய் சொல்கிறது. வெட்டிய கரும்பு எத்தனை மணி நேரம் வெயிலில் காத்திருந்தது என்றும் கேட்பார். காயக் காய எடையும் குறையும், சர்க்கரையும் சிதையும். அந்த நேரத்தை அளக்காமல் கட்டுமானம் குறைந்ததற்கு விவசாயியைக் குறை சொல்வது நியாயம் இல்லை.

"சார், ஏற்கெனவே எழுதியே கை ஓய்கிறது, இன்னும் அளக்கச் சொல்கிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. யாரும் திரும்பிப் பார்க்காத நாற்பது கட்டங்களை நிறுத்திவிடுங்கள். முடிவை மாற்றக்கூடிய ஐந்தாறு அளவுகளை ஒழுங்காக எடுங்கள். மேலாளர்களாக இருக்கும் பிள்ளைகளுக்கு இன்னொன்று: கெட்ட ரீடிங் எழுதினவனைத் திட்டினால், மறுநாளிலிருந்து நல்ல ரீடிங்தான் வரும். இயந்திரம் மட்டும் அப்படியே இருக்கும்.

மாணவனிடம் கடைசியாகச் சொன்னேன்: "அளக்காத நாளில் 'அளக்கவில்லை' என்று எழுதப்பா. ஆடிட்டில் ஒரு குறை எழுதுவார்கள், அவ்வளவுதான். காலிக் கட்டம் உண்மை பேசும்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சரி சார், மேனேஜரிடம் பேசிப் பார்க்கிறேன்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பதிவு.

ஆலைகளில் இருக்கும் பிள்ளைகள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். கரும்பு போடும் உறவுகள் எடைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்.