பிடித்ததும் விட்டதும்

நாள் முழுக்க அலைந்து ஒரு மீனைப் பிடிப்பது, பிடித்ததும் கடலுக்கே திருப்பித் தருவது. அந்தமான் கடலில் நடக்கும் இந்த வேட்டையில் கடினமான பகுதி எது?

மார்ச் மாதத்து அதிகாலை, மணி ஐந்து. சென்னையில் இந்நேரம் கும்மிருட்டு. அந்தமானிலோ கிழக்கு வெளுத்துவிட்டது. போர்ட் பிளேரின் சிறிய படகுத் துறை ஒன்றில் நான்கு பேர் தூண்டில் கோல்களைப் படகில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். (2024 செப்டம்பரில் நகரத்தின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. படகோட்டிகளின் நாக்கில் இன்னும் மாறவில்லை.)

ஒருவர் சென்னையில் மயக்க மருந்து நிபுணர். இன்னொருவர் பெங்களூரில் கணினிப் பொறியாளர். மூன்றாமவர் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். நான்காமவர்தான் வேடிக்கை: கொச்சியில் மீன் ஏற்றுமதி செய்பவர். வருடம் முழுக்க மீனை விற்றுச் சம்பாதிப்பவர், நான்கு நாள் மட்டும் மீனைப் பிடித்து விட்டுவிடுவதற்காகச் செலவு செய்கிறார். நால்வரும் பள்ளித் தோழர்கள்; ஐம்பதைத் தாண்டியவர்கள். மற்றவர்கள் ஒன்றுகூடக் கல்யாணமும் ஊர்த் திருவிழாவும் காரணம் என்றால், இவர்களுக்கு ஒரு மீன்.

அந்த மீன் பாறை. தமிழகக் கரையோரச் சந்தைகளில் கூறு கட்டி விற்கும் பாறை மீன்களின் குடும்பம்தான். ஆனால் தன் பேரினத்திலேயே மிகப் பெரியது. ஆங்கிலத்தில் ஜயன்ட் டிரவாலி. தூண்டில்காரர்களுக்குச் சுருக்கமாக 'ஜி.டி.'. ஒன்றரை மீட்டருக்கு மேலும் வளரும். உலகச் சாதனையாகப் பதிவானது 2006-ல் ஜப்பானின் டோகாரா தீவுகளில் சிக்கிய 72.8 கிலோ மீன். தண்ணீருக்கு மேலே பறக்கும் பறவையையே எம்பிக் கவ்வி விழுங்கும் இதன் துணிச்சலை, 2017-ல் பி.பி.சி.யின் 'ப்ளூ பிளானட் 2' தொடர் செஷல்ஸ் தீவுகளில் படம்பிடித்துக் காட்டியது.

இந்தியாவின் பிரத்யேகப் பொருளாதாரக் கடல் மண்டலத்தில் சுமார் 30 சதவீதம், அதாவது ஏறக்குறைய 6 லட்சம் சதுர கிலோமீட்டர், அந்தமான் நிகோபார் தீவுகளைச் சுற்றியது. அத்தனை கடல் இருந்தும் நினைத்த இடத்தில் தூண்டில் வீசிவிட முடியாது. 1983-ல் வண்டூரிலும் 1996-ல் ரிட்சி தீவுக்கூட்டத்திலும் அமைந்த கடல் தேசியப் பூங்காக்களுக்குள் மீன்பிடிக்கத் தடை. பழங்குடியினரின் வட சென்டினல் தீவை 5 கடல் மைலுக்குள் நெருங்கவே கூடாது. படகின் ஜி.பி.எஸ். திரையில் மீன் கிடைக்கும் இடங்களைப் போலவே போகக் கூடாத இடங்களும் குறிக்கப்பட்டிருக்கின்றன.

படகை ஓட்டுபவர் கரேன் இனத்தவர். 1925-ல் பிரிட்டிஷார் பர்மாவிலிருந்து கொண்டுவந்து மத்திய அந்தமானில் குடியேற்றியவர்களின் பேரன். பேச்சு குறைவு, வருவதும் ஹிந்தியில். உதவிக்கு இருக்கும் 23 வயது இளைஞனின் தாத்தா ராமநாதபுரத்திலிருந்து வந்தவர். அவன் பேசுவது டாக்டருக்கு மட்டும் முழுதாகப் புரிகிறது.

ரட்லாண்ட் தீவைக் கடந்து தெற்கே, டங்கன் நீரிணையை நோக்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். கரை மறைந்து வெகு நேரம் கழித்து, நடுக்கடலில் காரணமில்லாமல் ஓரிடத்தில் அலை வெள்ளையாக உடைகிறது. அதுதான் இடம். ஆழத்திலிருந்து திடீரென எழும்பி நிற்கும் பவளத்திட்டு. இளைஞனின் வார்த்தையில் 'பார்'. நீரோட்டம் அதில் மோதி மேலெழும்போது சிறு மீன்கள் நிலைதடுமாறும். பாறை அதற்காகவே விளிம்பில் காத்திருக்கும்.

நண்பர்கள் நாள் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள். மறுநாள் பௌர்ணமி. பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டி நீரோட்டம் வேகமெடுக்கும், வேட்டை சூடுபிடிக்கும். பட்டினப்பாலை காட்டும் பரதவர்கள் இதற்கு நேரெதிர். முழுநிலா நாளில் அவர்கள் கடலுக்குப் போவதில்லை. சினைச் சுறாவின் கொம்பை நட்டு வணங்கி, உண்டும் விளையாடியும் ஓய்ந்திருந்தார்கள். எடுத்துப் பிழைப்பவனுக்கு எடுக்காத நாள் ஒன்றும் உண்டு என்பது அவர்கள் கணக்கு. இந்தக் காலத்துத் தூண்டில்காரரின் கணக்கு வேறு: எல்லா நாளும் எடுக்கலாம், எடுத்ததைத் திருப்பித் தந்தால் போதும்.

கருவிகள் எளியவை அல்ல. ஒரு ரீலின் விலை லட்ச ரூபாயைத் தொடும். நரம்புக்குப் பதில், 40 கிலோவுக்கு மேல் இழுவை தாங்கும் பின்னல் நூல். அதன் நுனியில் 'பாப்பர்' என்ற போலி இரை: முன்புறம் கிண்ணம்போலக் குழிந்த மரக்கட்டை. தூர வீசி, வெடுக்கென்று இழுத்தால் 'ப்ளக்' என்று தண்ணீரை வாரியடிக்கும். காயம்பட்ட மீன் துடிக்கிறது என்று பாறை நம்பும். நம்பும்வரை வீசிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாளில் 200 முறை வீசுவது சாதாரணம். ஐம்பது வயதுத் தோள்கள் பத்து மணிக்கே முனகத் தொடங்குகின்றன.

முதல் அடி பொறியாளருக்கு. பாப்பருக்குப் பின்னால் தண்ணீர் குழிந்தது, கறுத்த முதுகு ஒன்று புரண்டது, கோல் வில்லாக வளைந்தது. பத்து விநாடி. பிறகு கோல் நிமிர்ந்துவிட்டது. சிக்கிய கணமே பாறை நேராகப் பவளத்துக்குள் பாயும். கூரிய விளிம்பில் நூல் உரசினால் கதை முடிந்தது. பல ஆயிரம் ரூபாய் பாப்பர் போன துக்கத்தைவிட, வாயில் அதைச் சுமந்தபடி ஒரு மீன் கீழே திரிகிறது என்ற எண்ணம்தான் அவரை உறுத்தியது. நல்லவேளை, முள் ஒற்றை முள். எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கி மழுக்கியது. மீனே உதறிவிட வாய்ப்பு உண்டு.

அடுத்தது கடற்படைக்காரருக்கு. அவர் ரீலின் பிடியை இறுக்கி வைத்திருந்தார். முதல் அரை நிமிடம் மீனை ஒரு அடிகூடக் கீழே போகவிடவில்லை. ஐந்து நிமிடத்தில் 18 கிலோ பாறை படகோரம் வந்தது. ஈரக் கையால் வாலடியைப் பிடித்துத் தூக்கி, ஒரே ஒரு படம். தலைகுப்புறத் தண்ணீருக்குள் விட்டதும் அம்பாகப் போனது. தண்ணீருக்கு வெளியே அது இருந்தது அரை நிமிடம்கூட இல்லை.

இந்த விளையாட்டில் புதியவர்கள் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். மெல்லிய நூலில் பெரிய மீனைப் பிடிப்பது வீரம் என்று நினைப்பார்கள். மீன் நின்று போராடும் ஒவ்வொரு நிமிடமும் அதன் தசையில் அமிலம் ஏறுகிறது. ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. களைத்த மீனைச் சுறா எளிதில் பிடித்துவிடும். கனத்த கருவி கொடூரமாகத் தெரியும். உண்மையில் மீனுக்கு அதுவே கருணை.

மதியம் டாக்டர் செய்த தவறு அங்கேதான் தொடங்கியது. தோள் வலிக்கிறது என்று கனத்த கோலை வைத்துவிட்டு, சின்ன மீன்களுக்கென்று கொண்டுவந்த இலேசான கோலை எடுத்தார். "வேண்டாம் சார், நீவாடு கூடியிருக்கு, பெருசு வரும்" என்றான் இளைஞன். மூன்றாவது வீச்சிலேயே வந்தது.

திட்டை விட்டு ஆழத்துக்கு ஓடியதால் நூல் அறுபடவில்லை. ஆனால் நிறுத்தவும் முடியவில்லை. இருபத்தெட்டு நிமிடம். நண்பர்கள் மாறி மாறித் தண்ணீர் புகட்டினார்கள், உற்சாகக் கூச்சல் போட்டார்கள். ஒருவழியாக மேலே வந்த மீனைப் பார்த்ததும் கூச்சல் அடங்கியது. 35 கிலோவுக்குக் குறையாது. அவர் வாழ்நாளில் பிடித்ததிலேயே பெரியது. இருவர் சேர்ந்து தூக்கி மடியில் வைத்தார்கள். முதலில் டாக்டர் மட்டும். பிறகு நால்வரும். பிறகு ஒவ்வொருவர் செல்பேசியிலும் ஒன்று. வெயில் முகத்தில் விழவில்லை என்று திரும்பி உட்கார்ந்து இன்னொன்று.

"போட்டோவெல்லாம் போதும் சார்! உள்ளே விடுங்க!"

படகில் யாரும் அதுவரை கேட்டிராத குரல். தண்ணீரில் விட்டதும் மீன் நீந்தவில்லை. மெதுவாக ஒருக்களித்தது, வெள்ளை வயிறு மேலே வந்தது. கரேன் படகோட்டி ஒன்றும் பேசாமல் விரலை மட்டும் நீட்டினார். சற்றுத் தள்ளி, நீருக்கடியில் சாம்பல் நிறத்தில் இரண்டு உருவங்கள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன.

இளைஞன் பின்தளத்துப் படியில் குப்புறப் படுத்து மீனின் வாலடியைப் பற்றினான். டாக்டரையும் பக்கத்தில் இழுத்து, தாடைக்குக் கீழே பிடிக்கச் சொன்னான். படகு மிக மெதுவாக முன்னே நகர்ந்தது. திறந்த வாய் வழியாகத் தண்ணீர் புகுந்து செவுள் வழியாக வெளியேற வேண்டும்; மீன் செய்யாத வேலையைப் படகு செய்ய வேண்டும். பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஏற்றுமதிக்காரர் சுறாக்களைப் பார்த்தார். டாக்டர் செவுளை மட்டும் பார்த்தார். முதலில் அசைவே இல்லை. பிறகு ஒன்று. நீண்ட இடைவெளி. இன்னொன்று. அறுவை மேஜையின் தலைமாட்டில் நிற்கும்போது எண்ணுவதுபோல அவர் வாய் எண்ணிக்கொண்டிருந்தது.

பதினோராவது நிமிடம் வால் ஒருமுறை துடித்தது. அடுத்த உதறலில் டாக்டர் முகமெல்லாம் உப்புத் தண்ணீர். மீன் நேராகக் கீழே போய்விட்டது.

"பிழைக்குமா தம்பி?"

"தெரியலை சார். போயிருச்சு. அவ்வளவுதான் தெரியும்."

இதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாது. கண்ணுக்கு மறைந்த மீனெல்லாம் பிழைத்த மீன் என்று கணக்கெழுதுவது தூண்டில்காரர்களுக்கு வசதி. அதை ஒப்புக்கொள்ளாத நாடுகளும் உண்டு. விட்டுவிடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதை ஸ்விட்சர்லாந்து 2009 முதல் அனுமதிப்பதில்லை: தின்பதற்குப் பிடி, இல்லையென்றால் துன்புறுத்தாதே. மீனின் வாயிலும் முகத்திலும் வலியை உணரும் நரம்பு முனைகள் இருப்பதை 2003-ல் பிரிட்டனில் டிரௌட் மீன்களை வைத்து நடந்த ஆய்வு காட்டியது. அது பழையபடி, 'மீனுக்கு என்ன வலி' என்று சொல்லித் தப்புவதற்கில்லை.

மறுபக்கத்துக்கும் ஓர் உதாரணம் இந்தியாவிலேயே இருக்கிறது. கர்நாடகக் காவிரியில் மஹசீர் கெண்டைக்கென்று தூண்டில் முகாம்கள் இயங்கின. பிடித்த மீனை எழுதிவைத்துவிட்டு ஆற்றிலேயே விட வேண்டும். உள்ளூர்க்காரர்கள் வழிகாட்டிகளாகச் சம்பாதித்தார்கள். சரணாலயத்துக்குள் தூண்டிலும் வேட்டையே என்ற நிலை வந்து 2010-களின் தொடக்கத்தில் அவை நின்றுபோயின. காவிரிக்கே உரிய கூன்முதுகு மஹசீர் அழிவின் விளிம்பை எட்டிவிட்டதாக 2018-ல் சர்வதேசச் செம்பட்டியல் சொன்னது. அந்த மீன் மறைந்துவருவதும், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட இன்னொரு மஹசீர் அதன் இடத்தைப் பிடித்ததும் ஆய்வாளர்களுக்குத் தெரிந்தது எப்படி? 1998 முதல் 2012 வரை முகாம்களில் தூண்டில்காரர்கள் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்துதான். வேறு யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

திரும்பும் வழியில் ஏற்றுமதிக்காரர் வாய்விட்டார். அவ்வளவு பெரிய மீனைக் கடலில் விடும்போது உனக்கு என்ன தோன்றும் என்று இளைஞனிடம் கேட்கச் சொன்னார். டாக்டர் கேட்டார். அவன் சிரித்தான்.

"முதல் வருஷம் வயித்தெரிச்சலா இருந்துச்சு சார். எங்கப்பா கேட்டா அடிப்பாரு. சந்தையில அதுக்கு ஒரே ஒரு தடவைதான் விலை. அது பார்லயே கிடந்தா நீங்க வருஷா வருஷம் வருவீங்க, எனக்குச் சம்பளம். அதனால விடறது சரிதான்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா விடறதுன்னா விடணும் சார். செத்ததைத் தள்ளிவிடறது விடறது இல்லே" என்றான்.

டாக்டர் அதை மற்றவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். கடைசி வாக்கியத்தைத் தவிர.

பவளத்திட்டுகளுக்கும் காலம் நல்லதாக இல்லை. 2004 சுனாமியைக் கொண்டுவந்த பூகம்பம் வட அந்தமானில் சில திட்டுகளை நீருக்கு மேலே தூக்கி உலர்த்திவிட்டது. 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. ஹவாய் ஆய்வுகளின்படி இந்த மீன் 25 ஆண்டுகள் வாழக்கூடியது. டாக்டரின் மடியில் கிடந்தது இத்தனையும் தாண்டி வந்த மீனாகவும் இருக்கலாம்.

அன்று இரவு படகோட்டி வீட்டில் சாப்பாடு. பகலில் இளைஞன் கைத்தூண்டிலில் பிடித்த இரண்டு களவா மீன்கள் குழம்பாகியிருந்தன. நால்வரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் டாக்டர் செல்பேசியில் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அருமையான படங்கள்தான். அவர் பார்த்தது மீனை அல்ல. ஒவ்வொரு படத்தின் விவரத்திலும் பதிவாகியிருந்த நேரத்தை. முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையே 2 நிமிடம் 40 விநாடி. மூச்சில்லாமல் ஒரு உடம்புக்கு 2 நிமிடம் 40 விநாடி என்றால் என்ன என்று அந்த அறையில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை.

மறுநாள் இலேசான கோல் விடுதி அறையிலேயே தங்கிவிட்டது. மாலையில் டாக்டருக்கு ஒரு பாறை கிடைத்தது. 12 கிலோ இருக்கலாம். அதன் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பாதி மீன் தண்ணீருக்குள். மீதி, கை ஆடி மங்கல். அதைத்தான் அவர் நண்பர்களுக்குக் காட்டுகிறார்.