டெங்கு ஒழிப்பு: புகை மருந்து மட்டும் போதாது

மழைக்காலம் தொடங்கியதும் ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் தெருக்களிலிருந்து திருச்சி மாநகராட்சிக்குப் போகும் முதல் கோரிக்கை, "புகை அடிக்க ஆள் அனுப்புங்க" என்பதுதான். எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் இனி அதை முதல் கோரிக்கையாக வைக்காது. காய்ச்சல் கண்ட தெருவில் புகை தேவைதான். ஆனால் அது பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். புழுவையும் முட்டையையும் ஒன்றும் செய்யாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு கட்டிலடியிலும் கொடித் துணியிலும் ஒதுங்கியிருக்கிறது. நாமோ புகை வண்டிச் சத்தம் கேட்டதுமே கதவைச் சாத்திவிடுகிறோம்.

சாக்கடையைச் சரிசெய்யத்தான் வேண்டும். அது வேறு மனு. ஏடிஸ் தேடுவது தெளிந்த தண்ணீரை: மூடி உடைந்த சின்டெக்ஸ் தொட்டி, ஃபிரிட்ஜின் பின்தட்டு, கொல்லையில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல்லின் குழி. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தால் மட்டும் போதாது, நார் போட்டுத் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாளாகும். வாரம் ஒருமுறை தேய்க்கச் சொல்வது அதனால்தான்.

2017இல் தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. 65 பேர் இறந்தார்கள். மக்கள் கைகொடுத்தால் கொசு குறையும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தினர் அங்கே குடியிருப்புகளில் தண்ணீர்ப் பாத்திரங்களுக்கு மூடி கொடுத்து, பள்ளிப் பிள்ளைகள் வழியாகச் செய்தி பரப்பி, கூட்டுப்புழு எண்ணிக்கை குறைந்ததை 2012இல் வெளியிட்டார்கள்.

ஸ்ரீரங்கத்தில் பெரிய சிக்கல் பூட்டிய வீடுகள். வாரிசுகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்க, முற்றத்துத் தொட்டியில் மழைநீர் நிற்கிறது. ஏடிஸ் அதிகம் பறக்காது. பெரும்பாலும் இருநூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். ஆகவே பூட்டிய ஒரு வீடு தெருவுக்கே போதும். வைகுண்ட ஏகாதசிக் கூட்டமோ இந்த மழையை ஒட்டித்தான் வருகிறது.

எங்கள் உறுப்பினர்கள் ஞாயிறு காலை தத்தம் வீட்டைத் தேய்ப்பார்கள். வீடு பார்க்க வரும் கொசு ஒழிப்புப் பணியாளருக்குக் கதவைத் திறப்பார்கள். "எங்க வீட்ல எல்லாம் சுத்தம்" என்று வாசலோடு அனுப்ப மாட்டார்கள். மாநகராட்சியிடம் கேட்பது இரண்டு. எந்தத் தெருவில் எத்தனை வீட்டில் புழு இருந்தது என்ற கணக்கைப் பகுதி சபைக் கூட்டத்தில் வையுங்கள். அபராதத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் குடிசைவாசியின் குடத்துக்கு முன்பாக அரசு அலுவலக மொட்டைமாடி, கட்டுமானத் தளம், டயர்க் கடை ஆகியவற்றுக்கு நோட்டீஸ் போகட்டும்.

வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர்களே, ஐப்பசி பிறப்பதற்குள் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவையுங்கள்.