அந்த வூட்ல பாத்திரம் தேய்க்கிறது யாரு?

போன மாதம் தண்டராம்பட்டுப் பக்கம் ஒரு காலனியில் மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். (‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. சொல்லை எடுத்துவிடலாம், தெரு இன்னும் ஏரிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.) கடன் தவணையெல்லாம் எண்ணி முடித்த பிறகு, கொண்டுபோயிருந்த புரொஜெக்டரில் ‘எதிர்நீச்சல்’ தொடரின் சில காட்சிகளைப் போட்டோம். குடும்ப வன்முறை பற்றிப் பேச்சைத் தொடங்க அது வசதி. ஆதி குணசேகரன் மருமகள்களை அதட்டும்போது பெண்கள் சாபம் விட்டார்கள், ஜனனி எதிர்த்துப் பேசும்போது கை தட்டினார்கள். எல்லாம் நாங்கள் நினைத்தபடியே நடந்தது.

மல்லாட்டைக் கொல்லையில் களை வெட்டிவிட்டு அப்படியே வந்து உட்கார்ந்திருந்த ஒரு அக்கா திடீரென்று கேட்டார்: “எல்லாஞ் சரி பாப்பா. அம்மாம் பெரிய வூட்ல மருமவளுங்களே எல்லா வேலையும் செய்யுறாங்கன்னு காட்டுறான். நெசத்துல அப்படி ஒரு வூட்ல பாத்திரம் தேய்க்கிறது யாரு? சாணி அள்றது யாரு? அவள ஏன் காட்ட மாட்டேன்றான்?”

எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் எங்களிடம் பதில் இல்லை.

அந்தக் கூட்டத்துக்கு நாங்கள் சும்மா போகவில்லை. பெண்களின் சமூகப் பிரச்சினைகளைப் பற்றித் தொலைக்காட்சித் தொடர் ஒன்று எடுக்க நினைக்கும் ஒரு நிறுவனம், எந்த மாதிரிக் காட்சிகள் கிராமத்துப் பெண்களைத் தொடும் என்று எழுதித் தரும்படி எங்களிடம் கேட்டிருந்தது. தொடர்ந்து கதை ஆலோசனையும் தர வேண்டும். அதற்கு அவர்கள் சொன்ன தொகை எங்கள் களப்பணியாளர்கள் இரண்டு பேருக்கு ஒரு வருடச் சம்பளம். அக்காவின் கேள்வியை முதல் வரியாக வைத்து அறிக்கை அனுப்பினோம். பதில் சீக்கிரமே வந்தது: சாதி வேண்டாம், எல்லாப் பெண்களுக்கும் பொதுவான பிரச்சினையாக இருக்கட்டும், சாதியைத் தொட்டால் சேனல் எடுக்காது.

தோழர்களே, இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சீரியலைக் கேலி செய்யும் கூட்டத்தில் நாங்கள் இல்லை. நம் இயக்கங்களிலேயே அந்தப் பழக்கம் இருக்கிறது. வாசகர் வட்டத்தில் உலக சினிமா பார்த்துவிட்டு வரும் தம்பி, சீரியல் பார்க்கும் அம்மாவைப் ‘பிற்போக்கு’ என்கிறான். காலை ஐந்து மணிக்கு எழுந்து, கொல்லைக்கோ நூறு நாள் வேலைக்கோ போய், வந்து சோறாக்கிப் போட்டுவிட்டு அவள் உட்காருகிற அரை மணி நேரம் அது ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டு அவள் கையில் எதைக் கொடுக்கப் போகிறோம்?

தொலைக்காட்சித் தொடர் ஆட்களை மாற்றும் என்பதற்கு ஆதாரமும் உண்டு. மெக்சிகோவில் மிகேல் சபிடோ 1970களிலேயே எழுத்தறிவுக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் தொடர்கள் எடுத்தார். அந்த மாதிரியைப் பார்த்துத்தான் தூர்தர்ஷனில் 1984இல் ‘ஹம் லோக்’ வந்தது. 156 பகுதிகள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து மக்களிடம் பேசுவார். பிறகு கேபிள் வந்தது. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரு பொருளியலாளர்கள் 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு உள்பட இந்தியாவின் சில மாநிலங்களில் கேபிள் நுழைந்த கிராமங்களை ஆராய்ந்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கேபிள் வந்த ஊர்களில், கணவன் அடிப்பது சரி என்று சொல்லும் பெண்கள் குறைந்திருந்தார்கள். ஆண் பிள்ளைதான் வேண்டும் என்பதும் குறைந்திருந்தது. நாங்கள் எம்.ஏ. படித்தபோது இந்தக் கட்டுரையை வைத்து வகுப்பில் சண்டையே போட்டிருக்கிறோம். இன்று யோசித்தால் அதில் உண்மை இருக்கிறது என்றே தோன்றுகிறது.

ஆனால் ‘ஹம் லோக்’கில் நடந்த இன்னொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு போகும் பகவந்தி என்ற அம்மா பாத்திரத்தை, இப்படி இருக்காதீர்கள் என்று சொல்லத்தான் படைத்தார்கள். பார்த்த பெண்களில் பலர் அவளையே உத்தமி என்று எடுத்துக்கொண்டார்கள். நம் ஊரில் என்ன ஆனது? ‘எதிர்நீச்சல்’ 2022இல் தொடங்கியது. படித்த பெண்களை அடுப்படியில் அடைக்கும் குடும்பத்தின் கதை. எடுத்த திருச்செல்வத்தின் நோக்கத்தில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. அதற்கு முன் ‘கோலங்கள்’ எடுத்தவர். ஆனால் ஊரே கொண்டாடியது யாரை? ஆதி குணசேகரனை. மாரிமுத்து அற்புதமான நடிகர். 2023 செப்டம்பரில் அவர் இறந்தபோது நாங்களும் வருந்தினோம். அவர் “இந்தாம்மா ஏய்” என்று அதட்டியது வீட்டுக்கு வீடு ஆண்களின் வாயில் விளையாட்டாக ஏறிவிட்டது. கண்டிக்க வந்த குரல் ரிங்டோன் ஆகிவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது? அந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தொடர் காட்டுவதில்லை என்பதே எங்கள் பதில். அதட்டலை ஒரு மனிதனின் முசுட்டுக் குணமாகக் காட்டினால் அதை ரசிக்கலாம். அதற்குப் பின்னால் நிலம் இருக்கிறது, ஊர்க்கூட்டம் இருக்கிறது, கோயிலில் முதல் மரியாதை இருக்கிறது, சொந்தச் சாதிக்குள்ளேயே பெண்ணைக் கொடுத்து வாங்கும் கணக்கு இருக்கிறது என்று காட்டினால் ரசிக்க முடியாது.

அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரையைத் தயவுசெய்து படியுங்கள். அவருக்கு அப்போது 25 வயது. உங்களில் பலருக்கு இப்போது அந்த வயதுதான். சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது. அகமணத்தைக் காப்பாற்றத்தான் உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, சிறுமித் திருமணம் எல்லாம் வந்தன என்று காட்டுகிறார். பெண் பிரச்சினையும் சாதிப் பிரச்சினையும் வேறு வேறல்ல என்று நூறு வருடத்துக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார். சீரியலின் மூலதனமோ அகமணம். அத்தை மகன், மாமன் மகள், சம்பந்தி வீடு, பெண் பார்க்கும் படலம், நின்றுபோகும் கல்யாணம், தாலி. ஐந்நூறு பகுதி கல்யாணத்தைப் பற்றியே பேசுகிறார்கள். கல்யாணத்தை இந்த நாட்டில் எது தீர்மானிக்கிறதோ அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. காதலுக்குக் குறுக்கே ஜாதகம் வரும், அந்தஸ்து வரும், பழைய பகை வரும். 2003இல் விருத்தாசலம் பக்கம் கண்ணகி–முருகேசனுக்குக் குறுக்கே வந்தது எது? 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டியது எது? ஜாதகமா?

சாதியை இவர்கள் காட்டவில்லை என்றும் சொல்ல முடியாது. பெயரைச் சொல்லாமல் முழுக்கக் காட்டுகிறார்கள். மீசை, வெள்ளை வேட்டி, பெரிய வீட்டு முற்றம், பூஜையறை, ஊர்த் திருவிழாவில் பரிவட்டம் எல்லாம் வரும். பார்க்கிறவர்களுக்குப் புரியாமலா இருக்கிறது? ‘எல்லாப் பெண்களுக்கும் பொதுவாக’ என்று அந்த நிறுவனம் எழுதியதே, அந்தப் ‘பொது’ என்ற பெண்ணை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவளுக்கு நிலம் உண்டு, சொந்தக் கிணறு உண்டு, முன்வாசல் உண்டு. எங்கள் அக்கா அவள் வீட்டுக்குப் பின்பக்கமாக வருகிறவள்.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். மங்கலமான காட்சி என்றால் கேமரா திருவண்ணாமலைக் கோபுரத்தைக் காட்டும், தீபத்தைக் காட்டும். பௌர்ணமிக்கு லட்சக்கணக்கானவர்கள் நடந்துபோன 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை விடியற்காலையில் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிகளைக் காட்டாது. அவர்களும் பெண்கள்தான். 2023 ஜனவரி 30 அன்று இதே மாவட்டத்தில் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் தலைமுறைக் கணக்கான தடையைத் தாண்டி, போலீஸ் பாதுகாப்போடு போனார்கள். அறநிலையத் துறைக் கோயில். பொங்கல் பானையோடு வரிசையில் நின்ற பெண்களின் முகங்களைச் செய்தி சேனல்கள் ஒரு நாள் காட்டின. அதை விடப் பெரிய ‘மகா சங்கமம்’ எந்த சீரியலில் வந்தது? அடுத்த நாளிலிருந்து அந்தப் பெண்களுக்கு என்ன வேலை கிடைத்தது, யார் பேசினார்கள், யார் பேச்சை நிறுத்தினார்கள் என்பது ஐந்நூறு பகுதிக்கான கதை.

விழிப்புணர்வு என்ற சொல்லே எங்களுக்கு இப்போது உறுத்துகிறது. யாருக்கு விழிப்புணர்வு? அடிப்பது தப்பு என்று காலனிப் பெண்ணுக்குத் தெரியாதா? எங்களிடம் வந்த ஒரு பெண், நிலக்காரர் மகன் கையைப் பிடித்து இழுத்தான் என்று காவல் நிலையம் போனார். புகார் கொடுக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை, அவராகவே போனார். மாலை வரை உட்கார வைத்தார்கள். “பேசித் தீத்துக்குங்க” என்று சொல்லி சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அடுத்த நாள் அந்தத் தெருவுக்கே அறுவடை வேலை இல்லை. சீரியலில் நாயகி ஸ்டேஷன் படி ஏறினால் கதை திரும்பும். இங்கே படி ஏறினால் கூலி நிற்கும். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் “தைரியமாகப் புகார் கொடுங்கள் பெண்களே” என்று தொடர் எடுத்தால், அடி வாங்கியவளுக்கே தைரியம் போதவில்லை என்று குற்றம் சொல்வதாகத்தான் முடியும்.

விழிப்புணர்வு தேவைப்படுகிறவர்கள் ஊருக்குள் இருக்கிறார்கள். அதனால்தான் தொலைக்காட்சியை நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்கிறோம். எங்கள் அம்மாக்கள் சொல்வார்கள்: அப்போது பஞ்சாயத்து டிவி ஊர்ப்பக்கம் இருந்தது, காலனிப் பிள்ளைகள் சன்னலுக்கு வெளியே நின்றுதான் பார்த்தார்கள். 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில்தான் பல வீடுகளுக்குள் முதன்முதலாக டிவி வந்தது. அதைக் கேலி பேசியவர்கள் சன்னலுக்கு வெளியே நின்றதில்லை. இப்போது இரவு ஒன்பது மணிக்கு ஊர்த்தெருவிலும் காலனியிலும் ஒரே சத்தம், ஒரே தொடர். நாம் செருப்போடு நடக்க முடியாத தெருக்கள் இன்றும் இருக்கின்றன. அந்தத் தெருவில் ஒரு வீட்டின் நடுக்கூடம் வரைக்கும், மறியலோ போலீஸோ இல்லாமல், தினமும் போய்வரக்கூடிய பெண் சீரியல் நாயகி ஒருத்திதான். அவள் ஒரு தலித் பெண்ணாக இருக்கட்டும். தன் சாதியைச் சொல்லி, சொன்னதற்காக அழாமல், தினம் அரை மணி நேரம் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து பேசட்டும். அவளுடைய கல்யாணத்துக்கு ஊர்த்தெருப் பாட்டி கவலைப்படட்டும்.

சேனல் எடுக்காது, டி.ஆர்.பி. வராது என்பது பொய். 2020இல் ஜீ கன்னடாவில் அம்பேத்கர் வாழ்க்கைத் தொடர் ‘மகாநாயக’ என்ற பெயரில் வந்தது. இந்தியிலிருந்து மொழிமாற்றம்தான். கர்நாடகக் கிராமங்களில் மக்களே காசு போட்டு அந்தத் தொடருக்கு பேனர் வைத்தார்கள். நிறுத்தச் சொல்லி மிரட்டலும் வந்தது, தொடர் நிற்கவில்லை. திருவண்ணாமலையிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் நம் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த பேனர்களைப் பற்றிச் சொல்வார்கள். தமிழ் சினிமாவில் 2018இல் ‘பரியேறும் பெருமாள்’ ஓடியது. அதற்கு முன்பும் ‘ஓடாது’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சினிமாவில் நம் பையன்கள் வந்துவிட்டார்கள். நம் பெண்கள் அங்கேயும் பெரும்பாலும் யாரோ ஒருவரின் காதலியாகவோ அம்மாவாகவோதான் வருகிறார்கள். அந்தக் கணக்கு தனியாகப் பேச வேண்டியது.

அந்த நிறுவனத்துக்கு நாங்கள் இரண்டாவதாக ஒரு கடிதம் எழுதினோம். கூடவே மாதிரிக் காட்சி ஒன்றும் வைத்தோம். களைவெட்டும் பெண் மகளோடு ஸ்டேஷனில் நிற்கிறாள். அதிகாரி சி.எஸ்.ஆர். நீட்டுகிறார். அவள் வாங்கவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 18அ படி எஃப்.ஐ.ஆர். போட முன்விசாரணை தேவையில்லை, போடுங்கள் என்கிறாள். வழக்கை டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்று மகள் சொல்கிறாள். போடாவிட்டால் கடமை தவறிய அரசு ஊழியர் மீதே பிரிவு 4 பாயும் என்பதையும், 14566 என்ற உதவி எண்ணையும் அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளும்படி எழுதினோம். வீட்டுக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது, கூலி நின்ற வாரத்தில் யார் அரிசி கொடுத்தார்கள் என்பதுதான் காட்சியின் பெரும்பகுதி. வசனத்தைக் குழுப் பெண்களே சொன்னார்கள். நாங்கள் எழுதிக்கொண்டோம், அவ்வளவுதான். கேள்வி கேட்ட அக்கா தன் பங்குக்கு, கதாநாயகி எட்டு மணி இருட்டில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நிற்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சாதி இல்லாமல் என்றால் எங்கள் பெயரும் வேண்டாம், பணமும் வேண்டாம் என்று கடிதத்தை முடித்தோம். அனுப்பி 16 நாள் ஆகிறது. பதில் இல்லை. இரண்டு பேர் சம்பளத்துக்கு வேறு வழி பார்த்துக்கொண்டிருக்கிறோம். காட்சி எங்களிடம்தான் இருக்கிறது. வரும் மாதம் செங்கத்தில் நடக்கும் கூட்டத்தில் பெண்களே நடித்துக் காட்டுகிறார்கள். போனில் படம் பிடிக்கத் தெரிந்த மாணவத் தோழர்கள் இரண்டு பேர் வந்தால் உதவியாக இருக்கும்.