லயத்துக் குழாயைக் காப்பது யார்?

ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் பனியில் கொழுந்து கருகினால் நிர்வாகத்தின் கண்ணுக்கு உடனே தெரிகிறது. லயத்துக்கு வரும் தண்ணீர்க் குழாய் மட்டும் தெரிவதில்லை.

மலை ஊற்றிலிருந்து லயம் வரை குழாய் பல இடங்களில் தரைக்கு மேலேயே கிடக்கிறது. பகல் வெயிலில் பிளாஸ்டிக் நைந்து போகிறது. துகள் உறைபனி விழும் இரவில் உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்தால், அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடும். நைந்த குழாய் வெடிக்க அது போதும். விடியுமுன் குடத்தோடு பீலிக்கு ஓடுவது நம் பெண்கள். பெரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேர் விழுவதும் அவர்களுக்குத்தான்.

நம் மலையில் மண்ணின் மேற்பரப்பில்தான் பனி உறைகிறது. குழாயை ஓர் அடி ஆழத்தில் புதைத்தாலே பனியும் வெயிலும் அண்டாது. புதைக்க முடியாத இடத்தில் உரச்சாக்கைச் சுற்றி, நனையாமல் மேலே பொலித்தீன் கட்டலாம். கடுங்குளிர் இரவில் குழாயை நூலளவு திறந்து விடலாம். ஓடும் தண்ணீர் எளிதில் உறையாது. உறைந்த குழாயில் கொதிநீர் ஊற்றக் கூடாது.

சாக்குக் கட்டுவது நம்மால் முடியும். குழாய் புதைக்கும் செலவு நம் தலையில் விழக் கூடாது. தோட்டங்களுக்குச் சேவை செய்யப் பிரதேச சபைகளுக்கு இருந்த சட்டத்தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு நீங்கிவிட்டது. சபையை நிர்வாகமும் நிர்வாகத்தைச் சபையும் கைகாட்டித் தப்ப இனி இடமில்லை.

தோட்டக் கமிட்டிகள் டிசம்பருக்கு முன்பே குழாய் வழியை நடந்து பார்த்து, பழுதான இடங்களை எழுதி, இரு தரப்புக்கும் கடிதம் கொடுக்க வேண்டும். பிரதியைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் சங்கம் கேட்கும்.